பெனிட்டாவின் பாட நோட்ஸும் நான் கேட்ட ஒரு வார்த்தையும்

என் மகளுக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சபையில் சாட்சி சொல்ல நான் எழுந்து நின்றதும், முடிவில் அவளுக்குப் பார்வை திரும்பி வந்தது என்று சொல்வேன் என யாராவது காத்திருந்தால், அது இல்லை. இன்றைக்கும் நான்தான் அவள் கையைப் பிடித்து இந்த ஹாலுக்குக் கூட்டி வந்தேன். ஆனாலும் கர்த்தர் எனக்குப் பதில் கொடுத்தார். அதைச் சொல்லாமல் இருந்தால் என் மனசாட்சி என்னை விடாது.

என் பெயர் புஷ்பம். நிறையப் பேருக்கு என்னைத் தெரியும். எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணம் ஆன புதிதிலேயே கொச்சிக்கு, இந்த மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் செல்வராஜ் பெயின்ட் வேலை பார்க்கிறார். காக்கநாட்டில் உயர உயரமாகக் கட்டுகிறார்களே, அங்கேதான் அவருக்குப் பெரும்பாலும் வேலை. நான் கொச்சங்காடியில் ஒரு குடோனில் மிளகாய், சுக்கு சுத்தம் பண்ணுகிறேன். எங்களுக்கு ஒரே பிள்ளை, பெனிட்டா. அவள் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். மலையாள மீடியம். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுதச் சொன்னால் திணறுவாள். எனக்கு நேர்மாறு. தமிழ் மட்டும்தான் வாசிப்பேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் பஸ் போர்டைக்கூட அடுத்தவரிடம் கேட்டுத்தான் ஏறுவேன். வீட்டுக்கு ஏதாவது பேப்பர் வந்தால் பெனிட்டா வாசித்துச் சொல்வாள். அப்படியே பழகிவிட்டது.

அவள் பத்தாம் வகுப்புக்குப் போன வருஷம், ஜூலை மாதம், நல்ல மழை. காய்ச்சல் என்று படுத்தாள். தலைவலி தாங்க முடியவில்லை என்று அழுதாள். மூன்றாம் நாள் பேச்சு குழறிவிட்டது. இங்கே பார்த்துவிட்டு, உடனே களமசேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். ஐசியூ வாசலில் நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம். அப்போது நான் வேறு எதுவும் கேட்கவில்லை. உயிரை மட்டும் கொடுங்கள் ஆண்டவரே, மற்றதெல்லாம் உமது இஷ்டம் என்று சொன்னேன். உங்களில் பலரும் அந்த நாட்களில் உபவாசம் இருந்தீர்கள். சிலர் மழையில் பஸ் மாறி வந்து எங்களோடு நின்றீர்கள். அதை நான் மறக்கவில்லை.

அவள் பிழைத்தாள். வார்டுக்கு மாற்றினார்கள். ஒரு காலையில் நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் படுத்துக்கொண்டே சொன்னாள்.

"ஜன்னலைத் திறம்மா. இருட்டா இருக்கு."

ஜன்னல் திறந்துதான் இருந்தது. மழைச்சாரல் அவள் போர்வையிலேயே விழுந்துகொண்டிருந்தது.

தலைக்குள் ஏறின அழுத்தத்தில் கண்ணுக்குப் போகிற நரம்பு இரண்டு பக்கமும் கெட்டுப்போனது என்று டாக்டர் சொன்னார். நல்ல மனிதர். எங்களுக்குப் புரியும்படி தமிழ் கலந்து மெதுவாகச் சொன்னார். திரும்பி வருமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். டாக்டர் அவர் தோளில் கை வைத்தார்.

ஓணம் கழிந்து வீட்டுக்கு வந்தோம். தெருவில் பூக்களம் போட்ட இடத்தில் வாடின பூ கிடந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கி அவள் அதை மிதித்தாள். என்ன இது என்று கேட்டாள். பூ என்றேன். அதற்குப் பிறகு வீட்டுக்குள் போய்ப் படுத்தவள்தான்.

நான் எப்படிச் சொல்வேன். உடம்பு தேறிவிட்டது, மனசு செத்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். ஊட்டினால் வாய் திறப்பாள், இல்லையென்றால் இல்லை. முதல் வாரத்தில் ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டாள்.

"என்னைய எதுக்கும்மா பொழைக்க வச்சீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் திரும்பிக்கொண்டாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. அப்பாவிடமும் பேசவில்லை. ஐசியூ வாசலில் உயிரை மட்டும் கேட்டேனே, உயிரை மட்டும்தான் கொடுத்தாரோ என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கே பயந்து அழுதேன்.

அந்த நாட்களில் நம்மில் சிலர் வீட்டுக்கு வந்து ஜெபித்தீர்கள். விசுவாசம் இருந்தால் இன்றைக்கே பார்வை வரும் என்று சொன்னவர்களும் உண்டு. வீட்டில் ஏதோ தடை இருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. அன்பில்தான் சொன்னீர்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஜெபம் முடிந்ததும் அவள் முகத்துக்கு முன்னால் என் கையை அசைத்துப் பார்ப்பேன். அவள் அசைய மாட்டாள். காற்று படுவது அவளுக்குத் தெரியும் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. நான் சோதித்துப் பார்ப்பதை அறிந்தேதான் அசையாமல் கிடந்திருக்கிறாள். அந்த நினைப்பு இன்றும் என்னைக் குத்துகிறது.

என் வீட்டுக்காரர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார். நான் வந்தேன், பாடினேன். ஆனால் என் வாயில் ஜெபம் வரவில்லை. கண் கொடும் என்று நூறு தடவை கேட்டாயிற்று. அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அக்டோபர் மாதம் அவளுடைய கிளாஸ் டீச்சர் வந்தார்கள். ஷைனி டீச்சர் என்று பெயர். ஒரு துணிப்பை நிறைய நோட்டுகள் கொண்டு வந்திருந்தார்கள். பெனிட்டா ஸ்கூலுக்கு வராத நாட்களின் பாட நோட்ஸ் எல்லாம். டீச்சர் கிளாஸ் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒருத்தி கெமிஸ்ட்ரி, ஒருத்தி பயாலஜி, ஒருத்தன் கணக்கு, இன்னொருத்தி சரித்திரம், ஒருத்தி ஹிந்தி, இப்படி. ஆளுக்கொரு பாடம் பெரிய எழுத்தில் சுருக்கி எழுதிக் கொடுத்திருந்தார்கள். பரீட்சையைச் சொல்லிச் சொல்லி எழுதலாம், எழுதித் தர ஒரு பிள்ளையை கவர்ன்மென்டே அனுமதிக்கும், இந்த வருஷம் விட வேண்டாம் என்று டீச்சர் சொன்னார்கள். இதையெல்லாம் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி போனில் பதிந்து அனுப்பட்டுமா என்றும் கேட்டார்கள். அதற்கு மட்டும் பெனிட்டா தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. கூடப் படித்தவர்களின் குரலைக் கேட்க அவளால் முடியவில்லை. டீச்சருக்கும் அது புரிந்தது. கட்டாயப்படுத்தவில்லை.

போகும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேச்சி வாசிச்சுக் கொடுத்தா மதி" என்றார்கள். நீங்கள் வாசித்துக் கொடுத்தால் போதும் என்று. டீச்சருக்குத் தெரியாது, எனக்கு மலையாளத்தில் ஒரு எழுத்தும் தெரியாது என்று. வெட்கத்தில் நானும் சொல்லவில்லை.

நோட்டுகள் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தன. தினம் தூசி தட்டி வைப்பேன். ஒரு பக்கத்தைத் திறந்தால் ஜிலேபி ஜிலேபியாக எழுத்து. மூடிவிடுவேன்.

குடோனில் சாக்குகளின் மேல் பெயர் எழுதியிருக்கும். மல்லி எது, சுக்கு எது, மிளகாய் எது என்று படம் மாதிரி எனக்கு அடையாளம் தெரியும். வாசிக்கத் தெரியாது. அந்த வாரம் கூட வேலை பார்க்கிற ஒரு அக்காவிடம் கேட்டு, ஒவ்வொரு பெயரிலும் எந்த எழுத்துக்கு என்ன சத்தம் என்று தெரிந்துகொண்டேன். மிளகாய்க்கு அவர்கள் முளகு என்பார்கள். மு, ள, கு. பாதி எழுத்து தமிழ் மாதிரியே இருக்கிறது. வீட்டுக்கு வந்து சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, நோட்டில் எனக்குத் தெரிந்த எழுத்துகளை மட்டும் தேடித் தேடிச் சத்தமாகச் சொல்வேன். அவள் சுவரைப் பார்த்தே படுத்திருப்பாள். தினமும் இதே கதை. கேட்கிறாளா, தூங்குகிறாளா என்று தெரியாது. பைத்தியக்காரி மாதிரி எனக்கு நானே வாசித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் ஒரு நாள் மதியம் குடோனில் வேலை சீக்கிரம் முடிந்தது. வீட்டுக்கு வந்தேன். காலையில் வைத்த சோறு அப்படியே மூடி இருந்தது. அடுக்களையில் குழாயைத் திறந்து விட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்காமல் அழுதேன். அப்போதுதான் பல நாளைக்குப் பிறகு என் வாயில் ஜெபம் வந்தது. பெரிய ஜெபம் இல்லை. இவ்வளவுதான் சொன்னேன்.

"ஆண்டவரே, இன்னைக்கு நான் கண்ணு கேக்கல. எம்புள்ள எங்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். ஒண்ணே ஒண்ணு போதும்."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கைக்கு வந்த நோட்டைத் திறந்தேன். அது கெமிஸ்ட்ரி. மேலே தலைப்பில் ஒரு வார்த்தை. மு, பிறகு ல மாதிரி ஒன்று, பிறகு க. எனக்குத் தெரிந்த வார்த்தை ஆயிற்றே என்று சந்தோஷம். மீதியை நானாகக் கூட்டி, "முளகுகளை வகை பிரிக்கிறது" என்று வாசித்தேன். அட, இது நம்ம குடோன் வேலைதானே, இதையும் ஸ்கூலில் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று ஆச்சரியமாகவே இருந்தது. அடுத்த வரியிலும் அதே வார்த்தை. "முளகுகள் நூத்துக்கு மேல இருக்கு" என்று ஏதோ கூட்டி வாசித்தேன்.

"மூலகம்."

சுவர்ப் பக்கமிருந்து சத்தம் வந்தது. மாதக்கணக்காகப் பேசாத தொண்டை. கரகரவென்று வந்தது.

"முளகு இல்லம்மா. மூலகம். இரும்பு, தங்கம், கந்தகம், அந்த மாதிரி."

அப்புறம் கட்டில் லேசாக ஆடியது. அழுகிறாள் என்று நினைத்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. சிரிப்பு அழுகையாக மாறியது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம். நோட்டு எங்கேயோ விழுந்து கிடந்தது.

சகோதர சகோதரிகளே, நான் கேட்டது ஒரு வார்த்தை. அவர் கொடுத்தது ஒரு வார்த்தை. அதுவும் கெமிஸ்ட்ரி பாடத்திலிருந்து கொடுத்தார்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு வழி கிடைத்தது. எனக்குத் தெரியாத எழுத்து வந்தால் அவள் உள்ளங்கையில் என் விரலால் அதன் வடிவத்தை வரைவேன். அவள் அதன் சத்தத்தைச் சொல்வாள். நான் சேர்த்து வாசிப்பேன். தப்பாக வாசித்தால் கையை மடக்கிக்கொள்வாள். திரும்ப வரைவேன். ஒரு பக்கம் முடிக்க ஒரு சாயங்காலம் ஆகும். அந்த நோட்டுகளை எழுதின பிள்ளைகளை எழுத்தை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது. சரித்திரம் எழுதினவள் எழுத்து உருண்டை உருண்டையாக இருக்கும். கணக்கு எழுதினவன் அவசரக்காரன், வால்களை எல்லாம் விட்டுவிடுவான். அவனைத் திட்டிக்கொண்டே வாசிப்பேன். ஹிந்தி எங்கள் இரண்டு பேராலும் முடியவில்லை. அதற்கு மட்டும் டீச்சர் சனிக்கிழமை வந்தார்கள்.

ஆனால் துக்கம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அவள் சொல்லக் கேட்டு வேறொருவர் எழுத வேண்டுமென்றால் பார்வை இல்லை என்று மெடிக்கல் போர்டு சர்ட்டிபிகேட் வேண்டும். என் வீட்டுக்காரர் முடியாது என்றுவிட்டார். அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டால் நாமே கர்த்தரை நம்பவில்லை என்று ஆகிவிடும், எந்த முகத்தோடு இனிமேல் பார்வை கேட்பது என்றார். கூட்டத்துக்கே வராத மனுஷன் அப்படிச் சொன்னபோதுதான், அவர் உள்ளுக்குள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் அவரோடு வாதாடவில்லை. எனக்கும் அதே பயம் இருந்தது.

பெனிட்டா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்தப் பேப்பர் பரீட்சைக்கு. கடவுளுக்கு இல்ல. அவருக்கு ஏற்கெனவே தெரியும்" என்றாள்.

அவர் வெளியே போய் வெகு நேரம் வாசலில் நின்றார். அந்த வாரம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு எங்களோடு களமசேரிக்கு வந்தார். அங்கே டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். பெனிட்டா தெரியவில்லை என்றாள். டார்ச் அடித்து வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டார். யோசித்து, வலது பக்கம் என்றாள். வெளிச்சம் இடது பக்கம் இருந்தது. என் வீட்டுக்காரர் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சமாவது தெரியும் என்று அதுவரை நம்பியிருந்தார் போல. அந்த அறையிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சத்தம் கேட்டு பெனிட்டா கையை நீட்டித் துழாவினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் நம் கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கும் நன்றி.

ஜனவரியில் பயாலஜி நோட்டில் ஒரு பாடம் வந்தது. தலைப்பைப் பார்த்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. கண்ணு என்று இருந்தது. தமிழிலும் மலையாளத்திலும் ஒரே வார்த்தை. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழே கண்ணின் படம், பெரியதாக, அழகாக, கலர் பென்சிலால் தீட்டி. அந்தப் பிள்ளை எத்தனை பாடுபட்டு வரைந்திருக்கிறது. நான் பேசாமல் பக்கத்தைத் திருப்பினேன்.

"கண்ணு பாடம்தானே" என்றாள் பெனிட்டா. "விட்டுட்டுப் போகாதம்மா. பரீட்சைக்கு வரும்."

வாசித்தேன். வெளிச்சம் உள்ளே போவதும், உட்புறத்தில் உருவம் விழுவதும், அதை ஒரு நரம்பு மூளைக்குக் கொண்டு போவதும். நரம்புக்கு அவர்கள் நாடி என்பார்கள். நேத்ரநாடி என்று அதற்குப் பெயர் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி, அவள் கையில் வரைந்து வரைந்து வாசித்தேன்.

"அந்த நாடிதானேம்மா எனக்குப் போனது?"

"ஆமாம்மா."

பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாளோ என்று பயந்தேன். திரும்பவில்லை. "சரி, திருப்பி ஒரு தடவை வாசி. மனசுல நிக்கல" என்றாள். திருப்பி வாசித்தேன். எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. கடைசியில் அவளே பார்க்காமல் சொன்னாள். பார்க்காமல் என்று சொல்கிறேன் பாருங்கள். இப்படித்தான் வாயில் வந்துவிடுகிறது.

மார்ச்சில் பரீட்சை எழுதினாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதிக் கொடுத்தாள். நான் ஸ்கூல் காம்பவுண்டுக்கு வெளியே நின்றேன். மே மாதம் ரிசல்ட் வந்தது. எல்லாப் பாடத்திலும் பாஸ். பயாலஜியில் ஏ பிளஸ், கெமிஸ்ட்ரியில் ஏ, கணக்கில் சி பிளஸ். படம் வரைகிற கணக்குகள் அவளுக்குக் கஷ்டமாக இருந்தன. ரிசல்ட்டை நான்தான் டீச்சரின் போனில் வாசித்தேன். மலையாளத்தில் எழுதியிருந்த அவள் பெயரை முதல் தடவையாக நானே எழுத்துக் கூட்டாமல் வாசித்தேன். ஷைனி டீச்சர் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். தொட்டு வாசிக்கிற எழுத்தும் கற்றுக்கொள்கிறாள். நம்மைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து வந்து, மலையாள மீடியத்தில் பாடம் புரியாமல் முழிக்கிற பிள்ளைகள் இங்கே நிறைய உண்டு. அவர்களுக்காகப் பத்தாம் வகுப்புப் பாடங்களைத் தமிழும் மலையாளமும் கலந்து போனில் பேசிப் பதிந்து கொடுக்கிறாள். இந்தப் பிள்ளைகளில் சிலர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், பொய் சொல்கிறேனா என்று.

நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போன வாரம் என் தலையைத் தடவிப் பார்த்து, நரைத்துவிட்டதா அம்மா என்று கேட்டாள். நரைத்துவிட்டது. முன்பக்கம் முழுக்க வெள்ளை. கொஞ்சம்தான் என்று சொன்னேன். அவள் மனதில் நான் இன்னும் கறுப்புத் தலையோடு இருக்கிறேன். அவள் வளர்ந்து கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றாலும் அப்படியேதான் இருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் அடுக்களையில் குழாயைத் திறந்து விடுகிறேன்.

தினமும் காலையில் அவளுக்காக இன்னும் கண் கேட்கிறேன். கேட்பதை நிறுத்த மாட்டேன். கொடுப்பதும் கொடுக்காததும் அவர் சித்தம். ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். நான் கேட்க வழியில்லாமல் வாயடைத்து நின்ற நாளில் அவர் என் அடுக்களையில் இருந்தார். என் பிள்ளை சாகவேண்டும் என்று படுத்திருந்தபோது அவள் தொண்டையைத் திறந்தார். என் வீட்டுக்காரரைத் திரும்பக் கொண்டு வந்தார். முகம் தெரியாத பள்ளிப் பிள்ளைகளின் கையால் எங்களுக்கு வேண்டியதை எழுதி அனுப்பினார். ஸ்தோத்திரம்.

உங்களில் யாருக்காவது இன்றைக்கு ஜெபிக்க வரவில்லை என்றால், பெரிதாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தால், தயவுசெய்து சின்னதாக ஒன்று கேளுங்கள். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தேவைப்படுகிற ஏதாவது ஒன்று. அதைக் கேட்பதற்கு விசுவாசம் நிறைய இருக்க வேண்டியதில்லை. எனக்கும் அன்றைக்கு இருக்கவில்லை. கேட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, உங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.